புடவை கட்டிவிட யார் காசு கொடுப்பார்கள்?

கேள்வி: அக்கா, எனக்கு 32 வயது. ஈப்போவில் ஒரு துணிக்கடையில் ஏழு ஆண்டுகள் வேலை செய்தேன். இரண்டாவது குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டுச் சுங்கை சிப்புட்டில் வீட்டோடு இருக்கிறேன். உறவினர் திருமணங்களில் புடவை கட்டிவிடுகிறேன். யாருக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று சொல்கிறேன், கடைக்கு உடன் போய்த் தேர்ந்தெடுத்தும் கொடுக்கிறேன். எல்லாரும் பாராட்டுகிறார்கள், யாரும் காசு தருவதில்லை. இதையே தொழிலாகச் செய்ய ஆசை. "தோட்டத்து ஜனம் புடவை கட்டிவிடக் காசு கொடுக்குமா?" என்று மாமியார் கேட்கிறார். கையில் 6,000 ரிங்கிட் சேமிப்பு உண்டு. கூட்டுப் பணம் (சீட்டு) எடுத்தால் இன்னும் 10,000 கிடைக்கும். டவுனில் ஒரு சின்னக் கடை பார்த்து வைத்திருக்கிறேன். நிறப் பொருத்தம் பற்றி இணையத்தில் 1,500 ரிங்கிட்டுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது, அதில் சேரலாமா? ஆவணியில் சித்தப்பா மகளுக்குத் திருமணம். அதிலிருந்தே தொடங்கலாமா? (சுங்கை சிப்புட் வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடையை எடுக்காதீர்கள். என் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் முன்பணம் கொடுத்துவிடுவீர்களோ என்று பயமாக இருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொழிலுக்கு வேண்டிய சரக்கு முழுவதும் அந்த ஊர் வீடுகளின் அலமாரிகளில் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் வேலை செய்யப்போகும் இடம் வாடிக்கையாளர் வீட்டு நிலைக்கண்ணாடியின் முன்னால். கடை வாடகையோ, ஒரு திருமணமும் நடக்காத ஆடியிலும் மார்கழியிலும் தவறாமல் கேட்டு வரும்.

உங்கள் மாமியார் மேல் கோபம் வேண்டாம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என் பதிலைச் சொல்ல, நான் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கு உங்களைக் கொஞ்சம் அழைத்துப் போக வேண்டும்.

தெலுக் இந்தான் பக்கம், செம்பனைத் தோட்டம். சம்பளம் போட்ட மறுநாள் ஒருவர் சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வருவார். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்து மரத்தடியில் மூட்டையை அவிழ்ப்பார். தீபாவளிக்கு எடுத்த துணிக்கு மாதம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்), பத்து வெள்ளி என்று ஒரு நீள நோட்டில் குறித்து வாங்கிக்கொள்வார். அந்த நோட்டில் கடன் கணக்கு மட்டும்தான் இருக்கிறது என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். ஒரு முறை என் அம்மா கிளிப்பச்சையில் ஒரு சேலையைக் கையில் எடுத்தார். வியாபாரி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது போன பொங்கலுக்கு மூன்றாம் வீட்டில் எடுத்துவிட்டார்கள் அம்மா, நீங்கள் இந்த அரக்கைப் பாருங்கள்" என்றார். ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், இரண்டு வீட்டுக்கு ஒரே பூப்போட்ட துணியை அவர் விற்று நான் பார்த்ததில்லை. எந்த வீட்டில் எந்த நிறம் இருக்கிறது, யாருக்கு எது பிடிக்கும், யார் மகள் பெரியவளாகிவிட்டாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நம் தோட்டப்புறங்களுக்கு முதன்முதலில் வந்த ஸ்டைலிஸ்ட் என்று நான் மதிப்பது அவரைத்தான்.

சிற்றூரில் எல்லாரும் எல்லாருடைய துணியையும் நினைவில் வைத்திருப்பார்கள் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். கோலாலம்பூரில் இருக்கும் ஒரு பெண் ஒரே பட்டுப்புடவையை மூன்று திருமணங்களுக்குக் கட்டிப் போகலாம், மூன்று மண்டபத்திலும் வேறு வேறு கூட்டம் இருக்கும். உங்கள் ஊரில் திருமணம், கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் வருவது அதே இருநூறு முகம். "இது போன ஆண்டு அண்ணன் மகன் கல்யாணத்துக்குக் கட்டியதுதானே?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற அச்சத்தில்தான் நம் பெண்கள் கையில் இல்லாத காசுக்கு இன்னொரு புடவை எடுக்கிறார்கள். ஆகவே இந்த வேலையின் தேவை நகரத்தைவிட உங்கள் ஊரில்தான் அதிகம். புதுப்புடவைக்கு 300, 400 ரிங்கிட் செலவழிக்கவிருந்தவர், இருக்கும் புடவை புதிதாகத் தெரிய 50 ரிங்கிட் தருவார். மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். "ஆலோசனை" என்ற பெயருக்கு நம் மக்கள் காசு தர மாட்டார்கள், அது வாசற்படியில் நின்று அடுத்த வீட்டு அத்தை இலவசமாகத் தருவது. கண்ணால் பார்த்து முடிந்தது என்று சொல்லக்கூடிய வேலைக்குத் தருவார்கள். ஆகவே வேலைகளுக்குப் பெயர் வையுங்கள். என் பட்டியலில் முதலில் இருப்பது "அலமாரி பார்ப்பது". வீட்டுக்குப் போய் எல்லாப் புடவைகளையும் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றையும் எந்த ரவிக்கையோடு எந்த நகையோடு எப்படிக் கட்டலாம் என்று பார்த்து, படம் எடுத்துக் கொடுப்பது. இரண்டாவது, புடவைக்கு முன்கூட்டியே மடிப்பெடுத்து இஸ்திரி போட்டுப் பெட்டி மடிப்பாகக் கொடுப்பது. மூன்றாவதுதான் நேரில் போய்க் கட்டிவிடுவது.

அலமாரி பார்க்கும்போது முதலில் ரவிக்கையைப் பாருங்கள். நல்ல பட்டுப்புடவைகள் பாதி வீடுகளில் மூலையில் கிடப்பதற்குக் காரணம் புடவையில் இருக்காது, குழந்தை பெற்றபின் ரவிக்கை பிடிக்காமல் போயிருக்கும். பக்கத் தையலின் உள்ளே துணி விட்டிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். விட்டிருந்தால் உங்கள் ஊர்த் தையல்காரரிடம் அரை மணி நேர வேலை. விடவில்லை என்றால் கரையின் நிறத்திலோ, கரைக்கு எதிர் நிறத்திலோ வேறு ரவிக்கை தைக்கச் சொல்லுங்கள், புடவையே மாறிவிடும். பட்டுப்புடவையை வெகுநாள் ஒரே மடிப்பில் வைத்திருந்தால் மடிப்பு விழுந்த கோட்டில் இழை இற்றுப்போகும், ஜரிகை முதலில் அங்கேதான் அறும். சில மாதங்களுக்கு ஒரு முறை மடிப்பை மாற்றச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்குப் பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பழைய பருத்தி வேட்டியில் சுற்றினால் போதும். துருப்பிடித்த ஒரே ஓர் ஊசி 800 ரிங்கிட் புடவையைக் கெடுத்துவிடும் என்பதால் உங்கள் பெட்டியில் துருவேறாத ஊசிகள் மட்டும் இருக்கட்டும். துணிக்கடையில் ஏழு ஆண்டு நின்ற உங்களுக்கு இவற்றில் பாதி தெரிந்திருக்கும். வாடிக்கையாளருக்குத் தெரியாது. அந்த அறிவுக்குத்தான் அவர் காசு தருகிறார்.

நிறத்துக்கு வருகிறேன். 1,500 ரிங்கிட் பயிற்சி வேண்டாம். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று ஆட்களை நான்கு பருவமாகப் பிரிக்கும் முறையைத்தான் இத்தகைய பயிற்சிகளில் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது மேற்கு நாடுகளில் உருவானது. தோல், முடி, கண் மூன்றின் நிறமும் ஆளுக்கு ஆள் மாறும் இடத்தில் அதற்குப் பயன் உண்டு. கறுத்த முடியும் கறுத்த கண்ணும் கொண்ட நம் பெண்களை அதில் போட்டால் முக்கால்வாசிப் பேர் ஒரே கட்டத்தில் போய் விழுவார்கள். அப்புறம் அதை வைத்து யாருக்கு என்ன சொல்வது?

கற்க வேண்டிய அடிப்படை ஒன்று உண்டு, அதற்குக் காசு வேண்டாம். 1824-இல் மிஷேல் ஷெவ்ரேல் என்ற வேதியியலாளர் பாரிஸில் இருந்த கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்று அங்கே புகார் இருந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறை இல்லை, கறுப்பு இழைக்குப் பக்கத்தில் வைத்து நெய்திருந்த நிறம்தான் அதை அப்படிக் காட்டியது. பக்கத்தில் இருக்கும் நிறம் நம் கண்ணை மாற்றுகிறது என்பதை அவர் 1839-இல் விரிவாக வெளியிட்டார். உங்கள் தொழிலின் அறிவியல் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ரவிக்கையும் தோளில் விழும் முந்தானையும்தான். புடவை உடல் எந்த நிறமாகவும் இருக்கட்டும், கழுத்தருகே வரும் நிறத்தைச் சரிசெய்தால் முகம் தெளிந்துவிடும்.

காலை பத்து மணி வாக்கில் ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். ஒப்பனை இருக்கக்கூடாது. தோளில் வெள்ளைத் துணி போர்த்தி, அதன்மேல் ஒவ்வொரு நிறமாக வைத்துக் கண்ணுக்குக் கீழும் வாயோரமும் நிழல் கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். துணியைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். திருமணம் இரவில் என்றால் மஞ்சள் விளக்கின் கீழும் ஒரு முறை பாருங்கள், நீலமும் ஊதாவும் அங்கே செத்துவிடும். முப்பது பேருக்கு இப்படிப் பார்த்துக் குறித்துவையுங்கள். உங்கள் கண் பழகிவிடும்.

நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். சென்ற ஆண்டு ஓர் அம்மா என்னிடம் வந்தார். முப்பது ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மகனுக்குப் பட்டமளிப்பு விழா. "நான் கறுப்பு, எனக்கு எதுவும் எடுக்காது. பின்னால் உட்கார்ந்துகொள்வேன். கண்ணில் படாத நிறமாக ஏதாவது சொல்லுங்கள்" என்றார். அவர் வீட்டு அலமாரியில் கடுகு மஞ்சளில் அரக்குக் கரை போட்ட காஞ்சிபுரம் ஒன்று இருந்தது. வாங்கிய காலத்தில் ஒரு கடைப் பெண், உங்கள் நிறத்துக்கு இது ஒத்துவராது என்று சொன்னாளாம். அதற்குப் பிறகு அவர் அதைக் கட்டவே இல்லை. அரக்கு நிறத்தில் ஒரு ரவிக்கை தைக்கச் சொல்லி, அந்தப் புடவையையே கட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையைத் தடவிக்கொண்டே நின்றார். மகனோடு எடுத்த படத்தை எனக்கு அனுப்பினார். முன் வரிசை.

"உங்கள் நிறத்துக்கு இது எடுக்காது." துணிக்கடைகளில் நம் பெண்கள் ஆயிரம் முறை கேட்ட வாக்கியம் இது. நீங்களும் உங்கள் வேலைநாட்களில் சொல்லியிருக்கலாம். தயவுசெய்து அந்த வாக்கியத்தை அந்தக் கடையிலேயே விட்டுவிடுங்கள். இதோடு சேர்ந்த இன்னொன்று: தொழில் கொஞ்சம் சூடு பிடித்ததும், முகத்தை வெளுப்பாக்கும் கிரீமை விற்றுத் தரச் சொல்லி யாராவது வருவார்கள். கமிஷன் ஆசை காட்டுவார்கள். தொடாதீர்கள். மலேசியாவில் விற்கும் ஒப்பனைப் பொருள்கள் எல்லாம் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவில் அறிவிக்கப்பட்டு என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் பெற்றிருக்க வேண்டும். பாதரசமும் ஹைட்ரோகுவினோன் என்ற வெளுப்பு மருந்தும் கலந்திருந்ததால் தடை செய்யப்பட்ட கிரீம்களின் பெயர்களை அந்தப் பிரிவு திரும்பத் திரும்ப வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்களை நம்பி முகத்தைக் காட்டிய பெண்ணுக்கு அதைக் கொடுக்கக்கூடாது.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, ஒரு வீட்டில் ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில், "நேற்று இன்னொரு வீட்டில் பார்த்தேன், அத்தனை பட்டு, பாதிக்கு மேல் விலைச்சீட்டே பிரிக்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, சின்ன ஊர். அந்த வீட்டுக் கணவருக்கு அந்தப் புடவைகளின் கணக்கு தெரியாதாம். பெரிய சண்டையாகிவிட்டது. அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை, அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. அவர் தங்கை வீட்டுக் கதவும் எனக்கு மூடிவிட்டது. இன்றுவரை கோயிலில் அவரைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஒரு பெண்ணின் அலமாரியைத் திறந்தால் அவர் எடை கூடியது, கடன் வாங்கியது, கணவர் வாங்கித்தராதது எல்லாம் தெரிந்துவிடும். ஒரு வீட்டில் பார்த்ததை அடுத்த வீட்டில் வாய் திறக்காதீர்கள், பாராட்டாகக்கூட வேண்டாம். படங்களையும் அவர்கள் அனுமதி இல்லாமல் முகநூலில் போடாதீர்கள். அந்தத் துணி வியாபாரி நோட்டில் இருந்ததை எல்லாம் அறிந்திருந்தார், யார் எவ்வளவு பாக்கி என்பது எங்கள் லயத்தில் ஒருவருக்கும் தெரியாது.

விலைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈப்போவுக்குப் போய் ஒருவருக்குப் புடவை கட்டிவிட 40 ரிங்கிட் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். போகவர ஒன்றரை மணி நேரம், கட்டிவிட முக்கால் மணி, அறை கிடைக்கும்வரை காத்திருக்க முக்கால் மணி. மொத்தம் மூன்று மணி நேரம். பெட்ரோல், நிறுத்துமிடம், ஊசி எல்லாம் 16 ரிங்கிட் போனால் மிஞ்சுவது 24. மணிக்கு 8 ரிங்கிட். 2025-இல் வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கணக்கில் போட்டால் 8.72. கைத்தொழில் தெரிந்த நீங்கள் சட்டம் சொல்லும் கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விட்டீர்கள். அதே பயணத்தில் நான்கு பேருக்குக் கட்டிவிட்டால் 160 ரிங்கிட். செலவு 20, நேரம் ஐந்தேகால் மணி. மணிக்கு 26 ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. ஆகவே வெளியூர் என்றால் குறைந்தது மூன்று பேர், இல்லையென்றால் பயணக் கட்டணம் தனி என்று முதலிலேயே சொல்லுங்கள். மடிப்பெடுத்துக் கொடுப்பதற்கு ஒரு புடவைக்கு 20 ரிங்கிட் வைத்து, ஒன்றை நாற்பது நிமிடத்தில் முடித்தால் மணிக்கு 30. குழந்தைகள் தூங்கும்போது வீட்டிலேயே செய்யலாம். உங்கள் வருமானத்துக்கு முதுகெலும்பு அதுதான்.

ஆடியிலும் மார்கழியிலும் திருமண வேலை வராது, பலர் புரட்டாசியிலும் வைப்பதில்லை. அந்த மாதங்களை அலமாரி பார்ப்பதற்கும், நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு உடை தேர்ந்தெடுத்துக் கொடுப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியைகள் நல்ல வாடிக்கையாளர்கள். வாரம் ஐந்து நாளும் அவர்களுக்கு உடுத்த வேண்டியிருக்கிறது.

பதிவு விஷயம் சுலபம். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். உங்கள் சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் என்றால் 60. வீட்டிலிருந்து செய்ய உரிமம் வேண்டுமா என்று கோல கங்சார் நகராண்மைக் கழகத்தில் கேட்டுவிடுங்கள். சொந்தத் தொழில் செய்வோருக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விபத்துக் காப்பும் எடுத்துவிடுங்கள், இரவில் மண்டபங்களுக்குத் தனியாக வண்டி ஓட்டப்போகிறவர் நீங்கள்.

கூட்டுப் பணம் வேண்டவே வேண்டாம். தோட்டத்தில் எல்லாரும் காலம் காலமாகப் பிடிப்பதுதான், எனக்கும் தெரியும். 1971-ஆம் ஆண்டிலிருந்து சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. பிடித்தவர் ஓடிவிட்டால் நீங்கள் போய் முறையிட இடமில்லை. முதலிலேயே எடுத்துவிட்டு மாதாமாதம் கட்டமுடியாமல் போனால் ஊரில் உங்கள் முகம் போகும். கடன் உண்மையிலேயே தேவைப்படும் நாள் வந்தால் அரசு கடனுதவி நிறுவனமான தெக்குன் நேஷனலில் இந்தியருக்கான ஸ்பூமி திட்டம் இருக்கிறது. அமானா இக்தியார் என்ற சிறுகடன் அமைப்பு 2024-இல் இந்தியப் பெண்களுக்கென்று "பெண்" என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆறு மாதத்துக்கு அதுவும் வேண்டாம். நல்ல நீராவி இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி, ஊசி, கிளிப், வெள்ளைத் துணி, ஒரு நோட்டு, எல்லாம் சேர்த்து 1,000 ரிங்கிட்டைத் தாண்டாது. மீதி 5,000 வங்கியில் இருக்கட்டும்.

ஆவணித் திருமணத்தில் தாராளமாகத் தொடங்குங்கள், ஆனால் இப்படி. சித்தப்பா மகளுக்குக் கட்டிவிடுவது உங்கள் சீர். அதற்கு ஒரு காசும் வாங்காதீர்கள், அதைச் சித்தியிடம் வாய்விட்டே சொல்லுங்கள்: "தங்கைக்கு நான் செய்வது என் முறை, சித்தி. மற்றவர்களுக்குக் கட்டிவிட ஆளுக்கு 40 ரிங்கிட். யார் யாருக்கு என்று ஆடி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள், பாதியை முன்னதாகக் கொடுத்தால் நேரம் ஒதுக்கிவைப்பேன்." இதைச் சொல்லும்போது உங்கள் தொண்டை வறளும். முதல் முறை எனக்கும் வறண்டது. சித்தி முகம் சுளித்தால் விலையைக் குறைக்காதீர்கள், பட்டியலில் இருந்து ஆட்களைக் குறைத்துக்கொள்ளட்டும். மணப்பெண் அறையில் உங்கள் மாமியாருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அவருக்கும் அன்று நீங்களே மடிப்பெடுத்துக் கட்டிவிடுங்கள், அவருடைய பழைய புடவை ஒன்றையே, புது ரவிக்கையோடு. மண்டபத்தில் யாராவது அவரிடம், "புடவை எப்போது எடுத்தீர்கள்?" என்று கேட்டால், பதிலை அவரே சொல்லிக்கொள்ளட்டும்.